எண்ணாமல் வாங்கிய துவக்குகள்

1

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் மெல்பேர்ன் தமிழர் மத்தியில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிந்துவிடுகிறேன். நான் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளராகக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடமையாற்றியவன். இந்நாட்டுக்கு வந்தபின் ஒரு நகரசபைக்கு மழைநீர் வடிகால்களை வடிவமைத்துக் கொடுத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். மாநில அரசு எனக்குச் சமாதான நீதவான் பதவி தந்திருந்தது. சனிக்கிழமைகளில் நூலகத்தின் மேசையொன்றில் அமர்ந்து, வருகிறவர்களின் சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சிக் கையொப்பம் இடுவேன். வியட்நாமியரும் ஆப்கானியரும் வரிசையில் நின்று என் கையெழுத்தை வாங்கிப் போவார்கள். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் பல ஆண்டுகள் தலைவர். ஒருமுறைகூட எதிர்த்து எவரும் போட்டியிட்டதில்லை.

சென்ற மாதம் அந்தச் சங்கத்தின் ஆண்டு விருந்து நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைக்க நான் தயாராக இல்லை. அழைப்பு எவருக்கும் தவறாமல் போய்ச் சேரும்படி முறையை வகுத்தவனே நான். அன்று மேடையில் பேசப்பட்டது மறுநாள் மதியத்துக்குள் என் காதுக்கு வந்தது. எனக்கு வந்ததைவிட வேகமாக யாழ்ப்பாணத்துக்கும் போயிருக்கிறது. நான் காட்டிக்கொடுத்தவன் என்று இங்கே பேசுகிறார்களே, உண்மைதானா என்று என் சொந்த மைத்துனர் தொலைபேசியில் கேட்டார். எங்கள் தலைமுறையில் அந்தச் சொல்லுக்கு என்ன விலை இருந்தது என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாருடைய உயிர் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறதோ, அவளுடைய அனுமதியுடனேயே எழுதுகிறேன்.

2

வாசுகி என் தங்கையின் மகள். தங்கை இறந்தபின் அவளுக்கு இந்நாட்டில் மூத்தவர் என்று இருப்பவன் நான் ஒருவன்தான். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய கணவன் கேதீஸ் மின்னிணைப்பு வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவன். கெட்டிக்காரன், கலகலப்பானவன், எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாய் வந்து கதிரை அடுக்குகிறவன்.

அவனோடு வேலை செய்த வெள்ளைக்காரர்கள் சிலர் மலைப்பக்கம் மான் வேட்டைக்குப் போவார்கள். அவனும் போகத் தொடங்கினான். முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்தான், வகுப்புக்குப் போனான், கராஜில் இரும்பு அலுமாரி பொருத்தினான். அதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. அவன் கொண்டுவந்த மான் இறைச்சியை மிளகுத்தூள் தூக்கலாகப் போட்டுச் சமைத்து, சங்கத்தார் அத்தனை பேரும் சாப்பிட்டோம். வன்னிக்குப் பிறகு இந்த ருசியை இப்போதுதான் காண்கிறேன் என்று சொல்லாத ஆண்கள் இல்லை. சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகளைக் கராஜுக்கு அழைத்துப்போய் அலுமாரியைத் திறந்து காட்டுவான்.

"எனக்கு ஒரு மகளும் நாலு பெடியளும் அண்ணை," என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நாலு பெடியள் என்றது அலுமாரியில் வரிசையாய் நின்ற நான்கு றைபிள்களை. அந்த எண்ணைச் சங்கத்தில் அறியாதவர் ஒருவரும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசுகி சிரித்ததை நான் கண்டதில்லை. அதை அப்போது நான் கவனித்தேனா என்று கேட்டால், கவனித்தேன். வேலைக் களைப்பு என்று எண்ணினேன்.

3

அவன் அவளை ஒருபோதும் துவக்கால் குறிவைத்ததில்லை. இதைத்தான் சங்கத்தார் இன்றுவரை அவனுக்குச் சாதகமாகச் சொல்கிறார்கள். அவன் செய்தது வேறு. பிரிந்துபோக விரும்புகிறேன் என்று அவள் பேச்செடுத்த ஒவ்வொரு முறையும் கராஜுக்குப் போய் ஒரு றைபிளை எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து, அதைக் கழற்றித் துடைப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அவள் பேச்சை நிறுத்தியபின் பூட்டி எடுத்துப்போய் வைப்பான். இது எத்தனையோ மாதங்கள் நடந்திருக்கிறது. பதினான்கு வயது மகள் அபி அதே மேசையின் மறுமுனையில் இருந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறாள்.

ஒருநாள் வாசுகி வேலையிலிருந்து நேரே பொலிஸ் நிலையம் போனாள். நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு பிறப்பித்தது. கேதீஸ் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். துவக்கு வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவன் ஆகிறான். அனைத்தையும் உடனே ஒப்படைக்க வேண்டும். எழுத்தில் அந்தச் சட்டத்தைப் போல் தெளிவான ஒன்றை நான் வாசித்ததில்லை.

பொலிசார் வந்து அலுமாரியைத் திறந்தபோது அது வெறுமையாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரு துவக்கு வியாபாரியிடம் வைப்புக்குக் கொடுத்துவிட்டேன் என்று கேதீஸ் தன் அண்ணன் வீட்டிலிருந்து சொன்னான். எந்த வியாபாரி என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொன்னான். அதைச் சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்கவில்லை. வாரங்கள் போயின.

நான் வாசுகியை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த இளைஞர் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மிகுந்த பணிவுடன் கேட்டார். ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவன் நான். நான் வாக்கியங்களைக் கூடுதல் இலக்கணத்துடன் அமைத்தது அவரைக் குழப்பியிருக்க வேண்டும். பிறகு ஒரு பெண் சார்ஜன்ட் வந்தார். நேர்மையானவர், அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாயிற்று. தடைசெய்யப்பட்டவர்களிடம் இருந்து துவக்குகளை மீட்கும் வேலைக்கு அந்தப் பரந்த வட்டாரம் முழுவதற்கும் தன்னோடு சேர்த்து இருவர்தாம் என்றார். அவர்களும் வேறு வேலைக்கு ஆள் போதாதபோது இழுக்கப்படுகிறார்கள். தேட வேண்டியவர்களின் வரிசையில் கேதீஸின் பெயர் இருக்கிறது. முறை வரும் என்றார்.

பச்சைக் குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் பை போட்டதற்காக என் வீட்டு வாசலுக்கு இரண்டு தடவை பரிசோதகரை அனுப்பிய நாடு இது. ரயில் நிலையத்தில் பயண அட்டையைத் தட்ட மறந்த மாணவனைச் சுற்றி நான்கு சீருடைகள் நிற்பதை வாரந்தோறும் காண்கிறேன். துவக்கை எடுக்க ஆள் இல்லையாம். சட்டம் எழுத ஒரு துளி மை போதும். அதை நிறைவேற்றச் சம்பளம் வேண்டும், வாகனம் வேண்டும், கதவைத் தட்டும் கை வேண்டும். வடிகால் வரைபடம் மழைநீரைக் கொண்டுபோகாது என்பது எனக்குத் தொழில்முறையாகத் தெரியும். குழாய் புதைக்கப் பணம் ஒதுக்காத சபை வரைபடத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வெள்ளம் வீட்டுக்குள் வந்தே தீரும். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதையே எழுதினேன். குடும்ப வன்முறையை அரசு மிகவும் பாரதூரமாக எடுத்துக்கொள்கிறது என்று அச்சடித்த பதில் வந்தது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

அந்த நாட்களில் வாசுகி வீட்டுக்குப் போனபோது, அபியின் பள்ளிச் சப்பாத்துகள் குசினியின் பின்கதவடியில், முனை வெளியே பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தன. ஏன் பிள்ளை இங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஜஸ்ட் இன் கேஸ், தாத்தா," என்றாள், கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவள் தமிழில் பதில் சொல்வதில்லை என்று அவளுடைய தாயிடம் பல தடவை குறைபட்டவன் நான். அன்று குறைபடவில்லை. எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் அந்தப் பதில் ஒன்றுதான்.

4

சங்கத்தின் பொருளாளர் சற்குணம் வேறு இருவரையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவர் எனக்கு மூன்று வகுப்பு இளையவர். தேநீர் குடித்து, ஊர்க் கதைகள் பேசி, நெடுநேரம் கழித்தே விஷயத்துக்கு வந்தார்கள். வழக்கு நிரந்தர உத்தரவாகிவிட்டால் கேதீஸின் தொழில் அனுமதி பாதிக்கப்படுமாம். நாளைக்கு அபியின் கல்யாணப் பேச்சிலும் இது வருமாம். நாங்கள் போய் அவனோடு பேசுகிறோம். வாசுகியை வழக்கை வாபஸ் வாங்கச் சொல்வது உங்கள் பொறுப்பு. இதுதான் யோசனை.

நான் துவக்குகளைப் பற்றிக் கேட்டேன்.

"அதையும் நாங்கள் வாங்கி வைக்கிறம் அண்ணை," என்றார் சற்குணம். "எங்கட மரியாதைக்காக அவன் தருவான். பொலிஸ்காரனுக்குத் தராததைப் பெரிய மனிசருக்குத் தருவான்."

"நீர் வாங்கினால் நீரும் குற்றவாளி. உமக்கு அனுமதிப்பத்திரம் இல்லை," என்றேன்.

"ஊரில குடிச்சுப்போட்டுக் கத்தியோட நிண்டவனிட்டக் கத்தியை வாங்கி வைக்க ஆர் அனுமதி கேட்டது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நடுவுக்கு நின்று பேசித் தீர்ப்பதைப் பெரிய மனிதரின் கடமை என்று நம்பி வளர்ந்தவர்கள். காணிச் சண்டைக்கும் சீதனச் சண்டைக்கும் அது பொருந்தியிருக்கலாம். நான் எழுந்து நின்று, என் மருமகளின் உயிரை வைத்துச் சமாதானம் பேச எவருக்கும் உரிமை இல்லை, அவன் துவக்குகளைத் தரத் தயார் என்றால் பொலிசில் தரட்டும் என்று சொல்லி, கதவுவரை வந்து வழியனுப்பினேன். அவர்கள் விளங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

5

என் தகப்பனார் தபால் அதிபராக இருந்தவர். தோட்டத்தில் பன்றி விரட்ட அவரிடம் அனுமதியுடன் ஒரு இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. இயக்கங்கள் வீடுவீடாகத் துவக்குகளைச் சேர்த்த காலத்தில், ஒரு மத்தியானம் மூன்று இளைஞர்கள் சைக்கிளில் வந்து, ஐயா, உங்களிட்ட ஒண்டு இருக்காம் என்று பணிவாகத்தான் கேட்டார்கள். மறுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மேசையில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வைத்து, அவர்களை வாய்விட்டு எண்ணச் சொன்னார். கடைசித் தோட்டாவரை எண்ணியபின்தான் தோட்டாப் பெட்டியையும் துவக்கையும் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார். அவர்கள் போனபின், இவர்களோடும் கணக்குப் பார்க்க வேண்டுமா என்று அம்மா அழுதார்.

"எத்தினை போனதெண்டு தெரியாட்டி எத்தினை திரும்பி வரும் எண்டும் தெரியாது," என்றார் அவர்.

அந்தத் துவக்கு திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தை இங்கே யாரும் பேசுவதில்லை; பேசினால் யார் பக்கம் என்று கேட்பார்கள். வீட்டுக்குள் துவக்கு இருக்கும்போது மனிதர்கள் எவ்வளவு மெதுவாகப் பேசுவார்கள் என்பதை அறிந்தே நாங்கள் எல்லோரும் அந்த நாட்டை விட்டு வந்தோம். இங்கே வந்து, கராஜில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தோம்.

6

எங்கள் கலைவிழா நாடகத்துக்கான உடைகளும், மரவாள்களும், அட்டைக் கிரீடங்களும் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தின் களஞ்சிய அறையில் ஒரு நீண்ட மரப்பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று தலைவரிடம், மற்றது பொருளாளரிடம். ஒத்திகை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் மண்டபத்தில் ஓடித் திரிய, நான் முன்கூட்டியே பெட்டியைத் திறந்தேன். மரவாள்களில் சிராய் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

மேலே அரசனின் சிவப்புச் சால்வை கிடந்தது. அதன்கீழ் இருந்த பொதி என் கைக்குக் கனத்தது. பட்டு வேட்டியால் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. விரித்தேன். கேதீஸின் கராஜில் நான் பார்த்த றைபிள்கள். மூன்று. பெட்டியை அடிவரை கிளறினேன். மூன்றுதான்.

சால்வையை மேலே போட்டு, பெட்டியைப் பூட்டி, அறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்தேன். அங்கிருந்தே பொலிசை அழைத்தேன். அதன்பின் மண்டபத்தில் நின்ற சற்குணத்தை அறைக்குக் கூப்பிட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

நாங்கள் போய்ப் பேசினோம், அவன் அழுதான், எங்கள் காலில் விழாத குறையாகத் துவக்குகளைத் தந்தான் என்றார். வழக்கு முடியும்வரை வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தார்களாம். முதலில் தன் கராஜில் வைத்தாராம். மனைவி சண்டை பிடித்ததால் இங்கே கொண்டுவந்தாராம். பெட்டியை அடுத்த கிழமைதான் திறப்போம் என்று நினைத்திருந்தாராம்.

"மற்றது எங்கே?" என்றேன்.

"என்ன மற்றது?"

"அவனிடம் நாலு இருந்தது. உமக்குத் தெரியும். நீர் எண்ணிப் பாத்தனீரோ?"

சற்குணத்துக்கு முகம் மாறியது. பயத்தால் அல்ல. நான் ஏதோ அநாகரிகமாகக் கேட்டுவிட்டதைப் போல மாறியது.

"அதெப்பிடி அண்ணை எண்ணுறது? பெடியன் அழுதழுது கொண்டுவந்து கையில தாறான். அந்த நேரம் பொதியை அவிட்டு எண்ணினா, உன்னை நம்பேல்லை எண்டு மூஞ்சையில அடிச்ச மாதிரியெல்லே?"

மூன்று பெரிய மனிதர்கள். ஒருவர் கணக்காளர். ஒரு மனிதனின் மனம் நோகும் என்று துவக்கை எண்ணாமல் வாங்கியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் உயிரைவிட, அழுகிற ஆணின் மரியாதை அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. அறுபது வருடம் படித்ததும் பழகியதும் எங்களை அந்த இடத்தில்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

"பொலிசைக் கூப்பிட்டிட்டன்," என்றேன். "நீர் இங்கேயே நில்லும்."

"சேர்ந்து படிச்சனாங்கள் அண்ணை."

"அதனால்தான் ஒளிக்காமல் சொல்கிறேன்."

இம்முறை ஆள் பற்றாக்குறை இருக்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் துவக்கு என்றதும் மூன்று வாகனங்கள் வந்தன. அதே சார்ஜன்டும் வந்தார். பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு புல்வெளியில் நின்றார்கள். சார்ஜன்ட் கையுறை போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். இரண்டாவதில் ஒரு தோட்டா இருந்தது. அதை எல்லோரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சற்குணமும் பார்த்தார். ஒரு பிள்ளை மரவாளைத் தேடிப் பெட்டிக்குள் கையை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

7

பெட்டியின் ஒரு சாவி என்னுடையது. ஆகவே என்னையும் விசாரித்தார்கள். பிறருடைய சத்தியக் கடதாசிகளில் கையொப்பமிட்ட கையால் என் சொந்த வாக்குமூலத்தில் கையொப்பமிட்டேன். விசாரணை முடியும்வரை நூலக மேசைக்கு வர வேண்டாம் என்று அறிவித்தார்கள். அது முறைதான், எனக்கு அதில் வருத்தம் உண்டு, குறை இல்லை.

குறை உள்ள இடம் வேறு. நான்காவது துவக்கைப் பற்றிப் பொலிசார் கேட்டபோது, நாலையும் சங்கப் பெரியவர்களிடம் தந்துவிட்டேன் என்று கேதீஸ் சொன்னான். இல்லை, மூன்றுதான் தந்தான் என்று பெரியவர்களால் சத்தியம் செய்ய முடியவில்லை. அவர்கள்தாம் எண்ணவில்லையே. இப்போது அவனுடைய சொல்லுக்கு எதிராக வைக்க எதுவும் இல்லை. சார்ஜன்ட் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: அவனுடைய அண்ணன் வீடு, வேலைத்தளங்கள், மலைப்பக்கத்து நண்பர்களின் இடங்கள் எல்லாம் தேடப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆணை, தனித்தனி ஆட்கள் வேண்டும், இப்போதும் தன்னோடு சேர்த்து இருவர்தாம். இனி நான்காவதும் வரிசையில் இருக்கிறது.

சங்கத்தில் இருந்து என்னை விலகச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. த பேசின் என்ற புறநகரிலுள்ள கோயிலில் நான் அர்ச்சனைத் தட்டோடு நின்றபோது, பக்கத்தில் நின்ற குடும்பம் அடுத்த வரிசைக்கு மாறியது. ஒரே கல்லூரியில் படித்தவனைக் காட்டிக்கொடுத்தேனாம். சங்கத்துக்குள் முடிக்க வேண்டியதை வெள்ளைக்காரனிடம் கொண்டுபோனேனாம்.

ஸ்பிரிங்வேல் மீன்கடையில் சற்குணத்தின் மனைவியைக் கண்டேன். விலகிப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் அருகில் வந்து, விளைமீனைப் பார்ப்பதுபோல் நின்றபடி, மெல்லிய குரலில் பேசினார்.

"எங்கட கராஜில வைச்சிருந்தவர் அண்ணை. பேரப்பிள்ளையளின்ட சைக்கிளுக்குப் பின்னால. நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை." சற்று நின்று, "நீங்கள் போன் எடுத்தது நல்லது. நான் சொன்னதெண்டு சொல்லாதையுங்கோ," என்றார்.

அவரிடம் இப்போது அனுமதி கேட்டு, கிடைத்தபின் எழுதுகிறேன். கணவருக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்றார்.

வாசுகி வீட்டின் பூட்டுகளை மாற்றிவிட்டேன். பின்கதவடியில் சப்பாத்துகள் அப்படியே இருக்கின்றன. இப்போது இரண்டு சோடி.

8

ஆண்டு விருந்தில் புதிய தலைவர் பேசியது இதுதான் என்று அறிகிறேன்: ஒரு குடும்பத்துக்குள் ஏற்பட்ட சிறு மனவருத்தத்தைச் சங்கம் தன் பொறுப்பில் எடுத்து, எல்லாத் துவக்குகளையும் சமாதானமாகப் பெற்று, தானாகவே பொலிசில் ஒப்படைத்து, பிரச்சினையை முடித்துவைத்தது. கைதட்டினார்களாம்.

சங்கம் எதையும் ஒப்படைக்கவில்லை. பொலிசை அழைத்தவன் நான். பெட்டியில் இருந்தவை மூன்று. கேதீஸின் பெயரில் பதிவானவை நான்கு.